ஜெபச் சீட்டில் நாலு சிரிப்பு

சிரிப்பைக் கேட்டு எழுதுவதற்குச் சம்பளம் உண்டு என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், நான் பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்க மாட்டேன். சென்னையில் ஒரு கம்பெனி. படங்களுக்கும் தொடர்களுக்கும் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடுமே, அதைத் தயாரிக்கிறவர்கள். காது கேளாதவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு சாத்துவது, நாய் குரைப்பது, குக்கர் விசில் அடிப்பது என்று எல்லாச் சத்தத்தையும் எழுத வேண்டும். தூத்துக்குடியில் வீட்டில் இருந்தபடியே செய்யலாம், ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆங்கில டீச்சருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் மெத்தனமாக உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது ஒரு நகைச்சுவைத் தொடர். யார் சிரித்தாலும் 'லாஃப்ஸ்' என்று போட்டு அனுப்பினேன். மறுநாள் அது முழுக்கச் சிவப்பு அடித்துத் திரும்பி வந்தது. சரிபார்க்கும் பெண்ணுக்கு, ஃபோனில் வந்த குரலை வைத்துப் பார்த்தால், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "மேடம், எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பு இல்ல. வில்லன் சிரிச்சாலும் குழந்தை சிரிச்சாலும் லாஃப்ஸ்னு போட்டா, காது கேக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என் மாணவிகளிடம் நான் பேசும் அதே தொனி. நியாயமான கேள்வி வேறு, அதனால் எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

கூடவே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாள். வாயைத் திறக்காமல் தனக்குள்ளேயே சிரித்தால் சக்கிள். அதோடு கொஞ்சம் மூக்கும் சேர்ந்துகொண்டால் சார்ட்டில். சின்னப் பெண்கள் அடக்க மாட்டாமல் சிரித்தால் கிகிள். அடுத்தவன் விழுந்ததைப் பார்த்துக் கள்ளத்தனமாகச் சிரித்தால் ஸ்னிகர். மூக்கு வழியாக மட்டும் வந்தால் ஸ்னார்ட். கூடமே அதிரச் சிரித்தால் கஃபா. கிறீச்சென்று, விட்டு விட்டு, மேலே மேலே ஏறினால் கேக்கிள். தமிழில் நமக்குச் சிரிப்பு ஒன்றுதான். முன்னால் ஒரு களுக்கையோ குபீரையோ கலகலவையோ சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடை திறந்து வைத்திருக்கிறான்.

மனப்பாடம் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் இருப்பவர்களின் சிரிப்பையே மாதிரியாக வைத்துக்கொண்டால் போதுமே.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமா, அதாவது கணவரின் அப்பா, நாசரேத் பக்கம் ஆங்கிலம் கற்பித்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் கிரேன் ஓட்டுகிறவர். கணவரின் அக்கா, எனக்கு மைனி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்யும் ஆபீஸில் வேலை. நாலாவது நான். ஒரு தாளை எடுத்து, சொல்லை ஆங்கிலத்திலும் குறிப்பைத் தமிழிலுமாக எழுதினேன்.

மாமா: சார்ட்டில். சாப்பிட்ட பிறகு அதிகம்.

இவர்: ஸ்னிகர். ஃபோன் பார்க்கும்போது மட்டும் வரும்.

நான்: ஸ்னார்ட். மூக்கு வழியாக.

மைனி: கேக்கிள். அடுத்த தெரு வரை கேட்கும். நிறுத்த முடியாது.

இதைச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் சுவரே தங்குவதில்லை, டேப் எங்கே தங்கும். என் கம்ப்யூட்டர் மேஜைக்கு நேர் மேலே வேத வசன காலண்டர் தொங்கும் ஆணியில் ஒரு கிளிப் இருந்தது. அதில் மாட்டிவிட்டேன். அந்தக் கிளிப் ஜெபச் சீட்டுக்கு உரியது. யாருக்குப் பரீட்சை, யாருக்கு விசா, யாருக்கு முழங்கால் வலி என்று எழுதி அதில் மாட்டி வைப்போம். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்தில் மாமா அதை எடுத்து வரிசையாக ஆண்டவர் காதில் போடுவார். ஆனால் அப்போது அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டு, எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஜெபம் எல்லாம் மனப்பாடமாக நடந்துகொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மாட்டினேன்.

மைனியின் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், குழம்புக்கு உப்பு என்று நினைத்துச் சீனியை அள்ளிப் போட்டுவிட்டேன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு மரியாதைக்கு அதை விழுங்கினார். மைனி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்தச் சிரிப்பில் என்னையும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். மாமாவிடம் சொல்ல முடியாததையும் கணவரிடம் சொல்லிப் பயனில்லாததையும் மைனியிடம்தான் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸில் யாரோ ஒருவர் மகளின் பரீட்சையை ஜெபச் சீட்டில் சேர்க்க மைனி கிளிப்பை எடுத்தார். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தால், ஃபோனில் அகராதியைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டுத் தாளைத் திரும்ப மாட்டினார், பரீட்சையை எழுதாமலேயே தன் அறைக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து மைனி சிரிக்கவில்லை. டிவியில் அவருக்குப் பிடித்த காமெடி ஓடும்போது பேப்பரில் ஏல விளம்பரம் படித்தார். சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போனார். என்னோடு நேரே பேச்சு இல்லை. நான் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கும்போது, "அப்பா, அங்கன ரசம் இருந்தா கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க" என்பார். கறுப்புக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியாத மாமா எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியாமல் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார்.

இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்ன மைனி, எம்மேல என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம். நீ வேலை செய்யுத எடத்துல கோழி கத்துனா ஒனக்கு எடைஞ்சல்லா. அதான் அமைதியா இருக்கேன்."

அகராதியில் கேக்கிளுக்கு முதல் பொருளே முட்டையிட்ட கோழி போடும் சத்தம்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. உடனே போய்த் தாளை உருவினேன். மைனி என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்ப அதே கிளிப்பில் மாட்டினார்.

"இருக்கட்டும். எடுத்தா நான் கோவிச்சுக்கிட்டேன்னு ஆயிரும்."

இதற்கு மேல் அந்தத் தாளைத் தொட எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்.

ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை மாட்டப் போனவர் நிறுத்தினார். பல வருடம் முன்னால் மைனியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்ததாம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து, மனிதர் காபியோடு தரைக்குப் போய்விட்டார். மைனி சிரித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டாருக்குத்தான் இருந்தது. பொண்ணு லட்சணம்தான், ஆனா கோழி மாதிரி கொக்கரிக்கு என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இத ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ இப்படி எழுதி ஒட்டுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அந்த வாரம் முழுக்க வெட்கத்தில் கூசிப்போய் இருந்தேன். வேலை போனால் இன்னொரு வேலை, பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம். ஆனால் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் சொல்லியும் நிறுத்தாமல் மைனி இத்தனை வருடம் சிரித்த சிரிப்பை நான் ஒரே ஒரு தாளில் நிறுத்திவிட்டேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது வீடு.

அடுத்த சனிக்கிழமை மாமாவின் கண்ணை விசாரிக்கப் போதகர், எங்கள் பக்கத்துப் பேச்சில் ஐயர், வந்தார். எங்கள் சபைக்குப் புதிதாக வந்தவர், வயது முப்பதுக்கு மேல் இருக்காது. நல்ல மனிதர். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டால் தன் கஷ்டம் போல முகம் சுருங்கிவிடும். ஆங்கிலத்தோடு மட்டும் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. டீயும் மக்ரூனும் வைத்தேன். எங்கள் ஊர் மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்வது, வாயில் போட்டதும் பொடிப் பொடியாக உதிரும். இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தும் மாமா தட்டைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார்.

டீ முடிந்ததும் போதகர் எழுந்து, "ஜெபக் குறிப்பு இருக்கும்லா" என்றபடி ஆணிக்குப் போனார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் போதகர் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார், கிளிப்பில் இருப்பதை எடுத்து வரி வரியாக ஜெபித்துவிடுவார். அதில் இருந்தது என் தாள்தான். அவர் படித்தார். முகம் சுருங்கியது. திரும்ப ஒருமுறை படித்தார்.

"குடும்பத்துல எல்லாருக்குமா?" என்று கேட்டார்.

மாமா தன் கண்ணைத்தான் கேட்கிறார் என்று நினைத்தார். "எனக்கு மட்டுந்தான்யா. அதுவும் ஒரு பக்கம்தான்."

"சாப்பிட்ட பிறகு அதிகமாகுதோ?"

மாமா வயிற்றைத் தடவிக்கொண்டார். "முன்ன இருந்துச்சு. இப்ப ஓமத்தண்ணி குடிக்கேன். பரவாயில்ல."

போதகர் கணவர் பக்கம் திரும்பி, "ஃபோன் பாக்கதக் கொஞ்சம் கொறைங்க தம்பி, அதுனாலதான் வருது" என்றார். கணவர் காற்றாடியைப் பார்த்தார். அடுத்தது என் முறை.

"மூக்கு வழியா வருதாம்மா? ரத்தமா?"

"இல்லங்கய்யா. சத்தம் மட்டுந்தான்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐயா, இது நோய் இல்லை, இந்த வீட்டில் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்று நான் எடுத்த கணக்கு என்று மாமாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

போதகர் மைனியைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி, "கேக்கிள்" என்று படித்தார். "அடுத்த தெரு வரைக்கும் கேக்குமாமே. நிறுத்தவும் முடியாதாம். இது எத்தன நாளா இருக்கும்மா?"

மைனி கையில் டீ டம்ளர்களோடு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. எங்க வீட்டு மருமக எனக்கு வச்ச பேருய்யா என்று ஒரு வார்த்தை போதும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போதகரிடம் நிதானமாகச் சொன்னார்.

"பொறந்ததுல இருந்தே இருந்துச்சுய்யா. இப்ப எட்டு நாளா இல்ல."

"ஸ்தோத்திரம்," என்றார் போதகர், முகம் மலர்ந்து. "ஜெபிக்கதுக்கு முன்னாலயே ஆண்டவர் கேட்டுட்டாரு."

முழங்கால் போட்டோம். மாமா மட்டும் குனியக் கூடாது என்பதால் நாற்காலியில் இருந்தார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார். போதகர் கண்களை இறுக்கி மூடி, குரலை எடுத்தார்.

"எங்கள் நல்ல ஆண்டவரே, இந்தப் பெரியவரைப் பிடித்திருக்கிற சார்ட்டிலின் கட்டுகளை அறுத்துப்போடும். இந்தச் சகோதரனின் ஸ்னிகரைக் கடிந்துகொள்ளும். இந்த மகளின் மூக்கில் குடியிருக்கிற ஸ்னார்ட்டை வேரோடு பிடுங்கிப்போடும்."

மாமா ஆயுள் முழுவதும் ஆங்கிலம் கற்பித்தவர். சார்ட்டிலைத் தாங்கிக்கொண்டார், ஏதோ ஆபரேஷன் சம்பந்தப்பட்டது என்று நினைத்திருக்கலாம். ஸ்னிகர் வந்ததும் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. ஸ்னார்ட்டோடு எல்லாம் கைமீறிவிட்டது. எனக்கு முன்னாலிருந்து 'ப்புஃப்' என்று ஒரு சத்தம், என் தலையிலும் தோளிலும் முந்திரிப் பொடி. கண்ணைத் திறந்து பார்த்தால், தலைமை ஆசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு, மூடிய வாய்க்குள் குலுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர் முழங்கையைக் கடித்துக்கொண்டு இஸ் இஸ் என்றார். எனக்கு மூக்கு வழியாக வந்தேவிட்டது. நோய்கள் ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்கின்றன என்று போதகர் நினைத்தாரோ என்னவோ, குரலை இன்னும் உயர்த்தினார்.

"இந்தச் சகோதரியைவிட்டு நீங்கிப்போன கேக்கிள், இனி ஒருபோதும் இந்த வீட்டு வாசலை மிதியாதிருப்பதாக."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்டவரே, இவர் நல்லவர், தெரியாமல் கேட்கிறார், இது ஒன்றை மட்டும் கேட்டுவிடாதேயும் என்று மனதுக்குள் அவசர அவசரமாக எதிர் ஜெபம் செய்தேன். அந்த மாதிரி உருகி நான் என் பரீட்சைகளுக்குக்கூட ஜெபித்ததில்லை.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தது. முதலில் ஒரு கிறீச்சு, ஒரு மூச்சு, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. மைனி தரையில் கையூன்றி, முந்தானையை வாயில் திணித்து, அதையும் தள்ளிக்கொண்டு சிரித்தார். மதில்மேல் இருந்த காக்கைகள் கிளம்பின. பக்கத்து வீட்டு அம்மாவின் தலை சுவருக்கு மேலே வந்தது.

போதகர் கண்ணைத் திறந்தார். "திரும்ப வந்துட்டே," என்றார், மெல்ல. உடனே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சோர்ந்து போகாதீங்க. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல விசேஷமாச் சேத்துக்கிடுதேன்" என்று சொல்லி ஆமென் போட்டார். வாசல் வரை போய் அனுப்பி வைத்தது நான்தான். தலையில் மக்ரூன் பொடியோடு போயிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் போனதும் மாமா அந்தத் தாளை வாசிக்கச் சொன்னார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே வாசித்தேன். அவர் கண்ணாடிக்கு அடியில் துடைத்துக்கொண்டு, "எனக்குப் போட்டது தப்பும்மா. நான் சக்கிள்தான். சார்ட்டிலுக்கு மூக்கும் சேரணும்" என்றார். பிறகு மடியில் கிடந்த பொடியைத் தடவிப் பார்த்து, "இன்னைக்கு மட்டும் வேணா அப்படிப் போட்டுக்கோ" என்றார்.

அடுப்படியில் மைனி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"சிரிச்சிட்டேன்னா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதளா," என்றார் திரும்பாமல். எட்டு நாளில் என்னிடம் நேரே சொன்ன மூணாவது பேச்சு. "நான் சிரிச்சது ஐயரால. ஒன்னால இல்ல. அன்னைக்கு வந்தவங்களும் கோழின்னுதான் சொன்னாங்க. நீ அதையே இங்கிலீஷ்ல எழுதிருக்க."

"அவங்க சொன்னது அப்ப எனக்குத் தெரியாது மைனி. அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்னு எழுதுனேன், நிறுத்த முடியாதுன்னு எழுதுனேன். அது நின்னா இந்த வீட்டுல எனக்கு இருக்க முடியாதுன்னு எழுதல. அதத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்."

மைனி குழாயை நிறுத்தினார், நாரை என் கையில் கொடுத்தார், டீப் பாத்திரத்தைக் காட்டினார். நான் தேய்த்தேன்.

அதன்பிறகு பேச்சு வந்தது, ஆனால் உப்பு, புளி, கேஸ் சிலிண்டர் அளவுக்குத்தான். சிரிப்பும் டிவிக்கு முன்னால் அவ்வப்போது வந்தது, நான் கூடத்துக்கு வந்தால் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து வேலை நிரந்தரம் என்று மெயில் வந்தது. சரிபார்க்கும் பெண், சிரிப்புகள் இப்போது சரியாக வருகின்றன மேடம் என்று தனியாக எழுதியிருந்தாள். மைனியிடம் சொன்னேன். "ம், நல்லது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் போதகர் வாசித்தார். பிறந்தநாள், கல்யாண நாள், பைக்கிலிருந்து விழுந்தும் அடிபடாதது என்று யார் எதற்காகப் போட்டார்களோ அதை மைக்கில் பெயரோடு வாசிப்பது வழக்கம். எனக்கு வேலை கிடைத்ததற்காக மாமா போட்ட கவரும் வந்தது. அடுத்த கவரை எடுத்துப் போதகர் நின்றார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், திரும்ப முன்பக்கம் பார்த்தார். மைனியின் பெயரை வாசித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"எட்டு நாளாக என்னைவிட்டுப் போயிருந்த கேக்கிளை, எங்கள் வீட்டு மருமகளின் ஜெபத்தைக் கேட்டுத் திரும்பத் தந்ததற்காக."

நான் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. முன்னால் முழங்காலில் நின்ற என் முதுகைப் பார்த்துக்கொண்டே எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். போதகர் பெண்கள் பக்கத்து பெஞ்சில் எங்களைத் தேடினார். பாவம், தான் ஒன்று கேட்க ஆண்டவர் இன்னொன்று கொடுத்திருக்கிறார் என்று அவருக்கு ஒரே குழப்பம். ஆனாலும் "ஸ்தோத்திரம்" என்றார். என்ன கிடைத்தது என்று தெரியாத சபை முழுவதும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் என்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மைனி நேரே பலிபீடத்தைப் பார்த்தபடி, தன் கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார்.

"மூக்கச் சிந்துளா," என்றார். "இங்கன வச்சு ஒனக்கு ஸ்னார்ட் வந்துரப் போகுது."